தோள்பட்டைக்கு அடியில் ஒன்று, முன்கையில் ஒன்று: நார்க்கட்டிக்குப் பெயர் வைப்பது எப்படி?

கேள்வி

வணக்கமுங்க. நாங்க காங்கேயம் பக்கம். அம்மாவுக்கு 61 வயசு. கல்யாணமாகி வந்ததுலயிருந்து தேங்காய்க் களத்து வேலை. இப்பவும் ரெண்டு எருமை வெச்சுப் பால் கறக்கறாங்க. வலது தோள்பட்டைக்குக் கீழ, முதுகுல ஒரு வீக்கம். ரெண்டு வருசமா இருக்குதுன்னு இப்பத்தான் சொல்றாங்க. குனிஞ்சு பால் கறக்கறப்ப பெருசாத் தெரியுது, நிமிந்து நின்னாக் காணாமப் போயிருது. கைய அசைச்சா ‘கடக்’குங்குது. ஈரோட்டுல ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாங்க. ரத்தமும் கொழுப்பும்தான் வந்திருக்குது, போதலைன்னு ரிப்போர்ட். எம்ஆர்ஐ எடுத்ததுல, ‘7 செ.மீ., தசைக்கு அடியில், உறை இல்லை, உள்ளே ஆங்காங்கே கொழுப்புக் கோடுகள். டெஸ்மாய்டா, சார்கோமாவா எனப் பார்க்கவும்’னு போட்டிருக்குது. உடனே ஆபரேசன் பண்ணோணுங்கறாங்க.

இது பத்தாதுன்னு, பல்லடத்துல தறி ஓட்டற தம்பிக்கு இடது முன்கையில ஒரே மாசத்துல பெருநெல்லி அளவு கட்டி வந்துருச்சு. அவனுக்கு 31 வயசு. கொழுப்புக் கட்டின்னு எடுத்துப்போட்டாங்க. ரிப்போர்ட்டுல ‘ஸ்பிண்டில் செல் கட்டி, மைட்டோசிஸ் அதிகம், லோ கிரேட் சார்கோமாவை விலக்க வேண்டும், ஐஹெச்சி தேவை’ன்னு வந்திருக்குது. மறுபடி அகலமா வெட்டி, தொடைத் தோல எடுத்து ஒட்டோணுங்கறாங்க. அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே வியாதிங்களா? ஒரு கட்டிக்குப் பேர் வைக்க ஏனுங்க இத்தனை குழப்பம்? அம்மாவ இன்னமும் பால் கறக்க விடலாமுங்களா?

பதில்

வணக்கம் அம்மணி. பயத்தோடு எழுதியிருந்தாலும், வேண்டிய விவரங்களை விடாமல் எழுதியிருக்கிறீர்கள். லேபுக்குப் போன படிவத்தில் இதில் பாதி இருந்திருந்தால்கூட இந்தக் கடிதத்துக்கே வேலை வந்திருக்காது.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ஆபரேசன் தேதி வாங்கியிருந்தால், எம்ஆர்ஐ படத்தைத் தசை, எலும்புக் கட்டிகளில் பழக்கமுள்ள ரேடியாலஜிஸ்ட் ஒருவர் திரும்பப் பார்க்கும்வரை தள்ளி வையுங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் காட்டினால் போதாது, படம் பதிந்த சிடியும் வேண்டும். தம்பியின் கையை மறுபடி வெட்டுவதும், முதலில் எடுத்த கட்டியின் ஸ்லைடுகளை இன்னொரு பேத்தாலஜிஸ்ட் (எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்லும் மருத்துவர்) பார்த்துச் சொல்லும்வரை வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குமேல் இழுக்கவும் வேண்டாம்.

அம்மாவின் கட்டியைப் பார்ப்போம். ஐம்பதைத் தாண்டிய பெண். தோள்பட்டை எலும்பின் கீழ் முனைக்கு அடியில் வீக்கம். கை முன்னால் போனால் வெளியே வந்து, நிமிர்ந்தால் உள்ளே ஒளிந்துகொள்கிறது. படத்தில் தசை நிறத்துக்கு நடுவே கொழுப்புக் கோடுகள். இந்த நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் முதலில் நினைக்க வேண்டிய பெயர் எலாஸ்டோஃபைப்ரோமா. 1961இல் பின்லாந்தைச் சேர்ந்த யார்வி, சாக்சேன் இருவரும் இதைத் தனி வகையாக எழுதினார்கள். விலா எலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இடையில், முதுகின் அகன்ற தசைக்கு அடியில், தடித்த கொலாஜன் நாரும் உருக்குலைந்த மீள்நாரும் கொழுப்பும் கலந்து அடுக்கடுக்காகப் படிவதுதான் இது. புற்றாக மாறுவதில்லை. வேறு உறுப்புக்குப் போவதுமில்லை.

அபூர்வம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் பின்லாந்திலேயே 55 வயதைத் தாண்டியவர்களின் பிரேதப் பரிசோதனையில் தேடிப் பார்த்தபோது பெண்களில் 24 சதவீதம், ஆண்களில் 11 சதவீதம் பேருக்குச் சிறிய அளவில் இது இருந்தது. வெளியே தெரியும் அளவுக்கு வளர்வதுதான் அபூர்வம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை எதிர்த் தோள்களில் வைக்கச் சொல்லுங்கள். தன்னைத் தானே கட்டிக்கொள்வது போல இருக்க வேண்டும். தோள்பட்டை எலும்புகள் விலகும். வலது பக்கம் கட்டி எழும்பும். அப்போது இடது பக்கத்தையும் தடவிப் பாருங்கள். அங்கேயும் சின்னதாக ஒரு தடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், சொல்லப்போனால் நிம்மதிதான். எலாஸ்டோஃபைப்ரோமா பலருக்கு இரண்டு பக்கமும் வரும். சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு, நார் போன்ற மென்திசுவில் வரும் புற்று, இப்படி ஜோடியாக, அளவெடுத்தாற்போல ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் வராது. இடது பக்கத்தைக் கையால் தடவித் தெரியாவிட்டாலும் எம்ஆர்ஐயில் தெரியலாம். கட்டி இருந்த பக்கத்தை மட்டும் படமெடுத்திருந்தால், ஒரு அல்ட்ராசவுண்டில் மறுபக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐ ரிப்போர்ட் ஏன் டெஸ்மாய்டு (பரவாது, ஆனால் இருக்கும் இடத்தை ஊடுருவும் நார்க்கட்டி), சார்கோமா என்று போட்டது? ஏழு சென்டிமீட்டர், ஆழத்தில் இருக்கிறது, உறை இல்லை. இந்த மூன்றையும் பார்த்தால் எந்த ரேடியாலஜிஸ்டும் அப்படித்தான் எழுதுவார், எழுதவும் வேண்டும். எலாஸ்டோஃபைப்ரோமாவுக்கு இயல்பிலேயே உறை கிடையாது. மருந்து ஏற்றிப் படமெடுத்தால் திட்டுத்திட்டாகப் பளிச்சிடவும் செய்யும். படத்தோடு போன சீட்டில் ‘முதுகில் கட்டி’ என்று மட்டும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ‘தோள்பட்டை எலும்பின் கீழ் முனை, இரண்டு வருடம், கை அசைவோடு வந்து போகிறது’ என்ற ஒரு வரி சேர்ந்திருந்தால் கொழுப்புக் கோடுகளுக்குப் பொருள் கிடைத்திருக்கும். டெஸ்மாய்டும் தோள் பக்கம் வரக்கூடியதுதான். ஆனால் அது பெரும்பாலும் இளவயதினரிடம் பார்ப்பது. தசைக்குள்ளேயே கை விரித்து ஊடுருவும். இப்படிக் கொழுப்பு அடுக்கு இருக்காது.

ஊசிப் பரிசோதனையில் ஒன்றும் வராததும் ஒரு தடயம்தான். மெல்லிய ஊசி, தளர்வாக இருக்கும் செல்களை உறிஞ்சி எடுக்கும். எலாஸ்டோஃபைப்ரோமா போன்ற நார்க்கட்டியில் செல்கள் குறைவு. இருப்பவையும் கொலாஜனுக்குள் தேங்காய் மட்டை நாருக்குள் சிக்கிய மண் மாதிரி இறுகிக் கிடக்கும். ஊசிக்கு வருவது ரத்தமும் ஓரத்துக் கொழுப்பும்தான். ‘போதவில்லை’ என்ற ரிப்போர்ட்டை ‘ஒன்றுமில்லை’ என்று படிக்கக் கூடாது. ‘கெட்டது’ என்றும் படிக்கக் கூடாது. அதே ஊசியை மூன்றாம் முறை, நான்காம் முறை போடுவது காசுக்கும் வலிக்கும்தான் கேடு.

படத்தைத் திரும்பப் பார்ப்பவர் தெளிவாக எலாஸ்டோஃபைப்ரோமா என்று சொல்லிவிட்டால் பயாப்சிகூடத் தேவைப்படாது. அவருக்கும் சந்தேகம் தீராவிட்டால் கோர் பயாப்சி எடுக்கலாம். 14 அல்லது 16 கேஜ் ஊசியில், அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, நூல் துண்டு போல நான்கைந்து சதைத் துண்டுகள் எடுப்பார்கள். பின்னால் ஆபரேசன் தேவைப்பட்டால் எந்தக் கோட்டில் கத்தி வைப்பார்களோ, அந்தக் கோட்டிலேயே ஊசித் துளையும் இருக்க வேண்டும். ஆகையால் ஊசி போடுபவரும் அறுவை மருத்துவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். லேபில் ‘எலாஸ்டிக் ஸ்டெய்ன்’ போடும்படி படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வெர்ஹோஃப் என்ற பழைய சாயம், விலை அதிகமில்லை. சாதாரண சாயத்தில் மங்கலான இளஞ்சிவப்பு உருண்டைகளாகத் தெரிபவை, இதில் கறுப்பாக, சரட்டில் மணி கோத்த மாதிரி எழுந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் பெயரில் சந்தேகமே இல்லை. அந்தச் சாயம் போடாமல் ‘நார், கொழுப்புத் திசு, குறிப்பாக ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட் வந்து நின்றுபோவதும் உண்டு.

அடுத்து தம்பி. இங்கே கதை நேர் எதிர்: சின்னது, மேலாக இருக்கிறது, ஒரே மாதத்தில் வந்தது. வேகமாக வளர்ந்தால் கெட்டது என்று பொதுவாக எல்லோரும் நினைக்கிறோம். நார்க்கட்டிகளில் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் போடும் ஒன்று உண்டு. நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்று பெயர். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், பெரும்பாலும் முன்கையின் உட்பக்கத்தில் வரும். சில வாரங்களில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வளர்ந்து அப்படியே நின்றுவிடும். சிலருக்குத் தானாகவே சுருங்கியும் போகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மிரட்டும்: எங்கு பார்த்தாலும் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் ‘மைட்டோசிஸ்’ என்று வந்த சொல் அதுதான். 1955இல் இதை முதலில் எழுதியவர்களே ‘சார்கோமா போல ஏய்ப்பது’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். இதைச் சார்கோமா என்று நினைத்துக் கையையே எடுத்த காலமும் இருந்தது.

ரிப்போர்ட்டில் உங்களைப் பயமுறுத்தியிருக்கும் இன்னொரு சொல் ஸ்பிண்டில். கோயமுத்தூர், திருப்பூர் மில் வேலை தெரிந்தவர்களுக்கு அது புதிதல்ல. நூற்பாலையில் சுழலும் கதிர்தான்: நடுவில் தடித்து, இரண்டு முனையும் கூர்ந்து இருக்கும். நார்த்திசு செல்லுக்கு அந்த வடிவம்தான் இயல்பு. தசை செல்லுக்கும் நரம்புறை செல்லுக்கும்கூட அதே வடிவம். ஆகவே ‘ஸ்பிண்டில் செல் கட்டி’ என்பது நோயின் பெயர் இல்லை. நீங்கள் கடிதத்தில் ‘காங்கேயம் பக்கம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மாதிரி. எந்த ஊர், எந்த வலசு, எந்தத் தோட்டம் என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். வெறுமனே ‘ஃபைப்ரோமா’ என்று எழுதி முடிக்கும் ரிப்போர்ட்டும் இப்படித்தான். அதை முழு விலாசமாக ஏற்காதீர்கள்.

விலாசம் தேடும் முதல் வழி, நார் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. இதைத் தம்பியிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். டெஸ்மாய்டில் செல்கள் பாவு நூல் போல நீள நீளமாக ஒரே திசையில் ஓடும். நோடுலர் ஃபேசியைட்டிஸில் தறிக்குடோன் மூலையில் தள்ளிவைத்த வேஸ்ட் நூல் மாதிரி தளர்ந்து, சுருண்டு, நடுநடுவே சளி போன்ற இடைவெளிகளும் சிந்திய சிவப்பணுக்களும் இருக்கும். ஃபைப்ரோசார்கோமாவில் நெருக்கி நெய்த சாய்வரித் துணி போல, மீன்முள் அமைப்பில் வரும். அதற்கப்புறம் செல்லின் உட்கருவைப் பார்ப்பார்கள். மைட்டோசிஸ் எத்தனை என்பதைவிட எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒழுங்காக இரண்டாகப் பிரிந்தால், எண்ணிக்கை கூடினாலும் பயமில்லை. கோணல்மாணலாக மூன்று நான்காகப் பிரிந்தாலோ, உட்கருக்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பெரிதும் சிறிதுமாக இருந்தாலோ, திட்டுத்திட்டாகச் செத்த திசு இருந்தாலோ நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. தம்பியின் ரிப்போர்ட்டில் ‘அதிகம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. ‘ஏடாகூடமானவை’ (ஆங்கிலத்தில் ‘எடிபிகல்’) என்ற சொல் இருக்கிறதா என்று முழு ரிப்போர்ட்டையும் படித்துப் பாருங்கள், அல்லது அதை எழுதியவரையே கேளுங்கள்.

ஐஹெச்சி என்பது குறிப்பிட்ட புரதங்களில் மட்டும் போய் ஒட்டும் சாயங்கள். பெயரை அது தானாகச் சொல்லாது. சந்தேகப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக அடிக்க உதவும். ஒவ்வொரு சாயத்துக்கும் தனிக் காசு என்பதால், பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடைப் பார்த்த பிறகுதான் பட்டியல் போட வேண்டும். தம்பிக்குப் பொதுவாகக் கேட்கக்கூடியவை எஸ்எம்ஏ, டெஸ்மின், எஸ்100, சிடி34, பீட்டா கேட்டெனின். நோடுலர் ஃபேசியைட்டிஸாக இருந்தால் எஸ்எம்ஏ பிடிக்கும், மற்றவை பெரும்பாலும் பிடிக்காது. சிடி34 பரவலாகப் பிடித்தால் தோலோடு ஒட்டி வரும் டிஎஃப்எஸ்பி என்ற கட்டியை நினைக்க வேண்டும். பீட்டா கேட்டெனின் உட்கருவுக்குள் பிடித்தால் டெஸ்மாய்டு பக்கம் சாயும். வெளியே மட்டும் பிடித்தால் கணக்கில் வராது. இந்த ஒரு வேறுபாட்டை எழுதாமல் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் போடும் ரிப்போர்ட் அரைகுறைதான். செல்கள் பார்வைக்குச் சாதுவாக இருந்து, நார்ப்பகுதியும் சளிப்பகுதியும் மாறி மாறி வந்தால் எம்யூசி4 என்ற சாயமும் கட்டாயம் போட வேண்டும். லோ கிரேட் ஃபைப்ரோமிக்சாய்டு சார்கோமா என்று ஒன்று உண்டு. 1987இல்தான் பிரித்து அறிந்தார்கள். முகம் அத்தனை சாது, ஆனால் பல வருடம் கழித்து நுரையீரலுக்குப் போகும். நல்ல கட்டி என்று சொல்லி விட்டுவிடக்கூடிய ஆபத்து இதில்தான் அதிகம்.

இத்தனைக்குப் பிறகும் இழுபறியாக இருந்தால், யூஎஸ்பி6 என்ற மரபணு உடைந்திருக்கிறதா என்று ஃபிஷ் பரிசோதனையில் பார்க்கலாம். நோடுலர் ஃபேசியைட்டிஸ் பெரும்பாலானவற்றில் அது உடைந்து வேறொரு மரபணுவோடு ஒட்டியிருக்கும் என்பது 2011இல் தெரிந்தது. அதுவரை இதை அடிபட்டதால் வரும் வீக்கம் என்றுதான் நினைத்திருந்தார்கள். பெயரின் கடைசியில் அழற்சியைக் குறிக்கும் ‘ஐட்டிஸ்’ ஒட்டியிருப்பதும் அதனால்தான். காரணம் தப்பு என்று தெரிந்த பிறகும் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. உங்கள் ‘ஏனுங்க இத்தனை குழப்பம்’ என்ற கேள்விக்குப் பதிலில் ஒரு பகுதி இதுதான்.

இன்னொரு பகுதி, வகைப்பாட்டின் அமைப்பு. உலக சுகாதார நிறுவனம் மென்திசுக் கட்டிகளுக்கான வகைப்பாட்டை 1969இல் தொடங்கியது. இப்போது பயன்பாட்டில் இருப்பது 2020இல் வந்த ஐந்தாம் பதிப்பு. நல்லது, கெட்டது என்று இரண்டு கூடை மட்டும் அதில் இல்லை. தீங்கற்றது ஒன்று. பரவாது, ஆனால் இருக்கும் இடத்தை ஊடுருவும், எடுத்தாலும் அங்கேயே திரும்பும் என்பது இன்னொன்று. டெஸ்மாய்டு அதில்தான் இருக்கிறது. வெகு அபூர்வமாக, 2 சதவீதத்துக்கும் குறைவாகப் பரவக்கூடியது மூன்றாவது. நான்காவதுதான் புற்று. நடுவில் இருக்கும் இரண்டு கூடைகளையும் நோயாளியிடம் சொல்லும்போது ‘புற்று மாதிரி’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அந்த ‘மாதிரி’ எத்தனை வீட்டில் தூக்கத்தைக் கெடுத்திருக்குமோ.

எந்தக் கூடை என்பதைப் பொறுத்துத்தான் கத்தியின் அகலம் மாறும். அதற்காகத்தான் பெயரில் இவ்வளவு பிடிவாதம். நோடுலர் ஃபேசியைட்டிஸ் என்று உறுதியானால், ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மறுபடி வெட்ட வேண்டியதில்லை. தோல் ஒட்டும் பேச்சே எழாது. திரும்ப வருவது அபூர்வம். அப்படி வந்துவிட்டால் கட்டியைச் சந்தேகிப்பதற்கு முன் பழைய பெயரைச் சந்தேகித்து, முதல் ஸ்லைடைத் திரும்பப் பார்க்க வேண்டும். டெஸ்மாய்டு என்றால் இப்போது பெரும்பாலும் முதலில் வெட்டுவதில்லை. எம்ஆர்ஐ எடுத்துக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். கணிசமானவை தானாக நின்றுவிடும், சில சுருங்கும். வளர்ந்தால் மருந்து இருக்கிறது. சார்கோமா என்றால் மட்டும்தான் சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்து அகலமாக எடுக்கும் ஆபரேசன். அதுவும் அந்த வேலை தெரிந்த குழு இருக்கும் இடத்தில் செய்ய வேண்டும்.

பெயர் சறுக்குவது பல நேரம் மைக்ராஸ்கோப்புக்கு வருவதற்கு முன்பே நடக்கிறது. நோடுலர் ஃபேசியைட்டிஸும் சார்கோமாவும் ஒரு சின்னத் துண்டில் ஒன்று போலத் தெரியலாம். ‘ஒரு மாதம், 2.5 செ.மீ., முன்கை, தோலுக்கடியில்’ என்ற விவரம்தான் தராசைச் சாய்க்கும். தம்பிக்கு ‘முன்கைக் கட்டி, கொழுப்புக் கட்டியா?’ என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால், படித்தவர் பயந்து எழுதியதில் தப்பில்லை. அதனால் இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொடுங்கள்: வயது, எந்தக் கை, முழங்கையிலிருந்து எத்தனை விரற்கடை, தோலோடு சேர்ந்து நகர்ந்ததா, சதையோடு ஒட்டியிருந்ததா, முதலில் பார்த்த தேதி, எடுத்த தேதி, அப்போதைய அளவு, வலி, அடிபட்டதா, அதே இடத்தில் முன்பு ஏதாவது எடுத்திருக்கிறார்களா. சர்க்கரை இருந்தால் அதையும் எழுதுங்கள். ஆபரேசன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தசையைப் போர்த்திய உறைக்கு மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்பது அதில்தான் இருக்கும்.

எடுத்துப் போக வேண்டியது ரிப்போர்ட் மட்டுமல்ல. சாயம் போட்ட கண்ணாடி ஸ்லைடுகளும், மெழுகில் பதித்த பிளாக்கும் வேண்டும். பிளாக் இல்லாமல் புதிய சாயம் எதுவும் போட முடியாது. லேபில் எழுத்தில் கேட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிளாக்கைப் பஞ்சில் சுற்றிச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சித்திரை வெயிலில் வண்டியின் டேங்க் கவருக்குள்ளோ காரின் முன்கண்ணாடிக்குக் கீழோ வைத்து எடுத்துப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் மென்திசுக் கட்டி பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

இனி யாருக்காவது கட்டி எடுக்க நேர்ந்தால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் எடுத்த கட்டியைக் குடுவையில் போட்டு உறவினர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவது சாதாரணம். குடுவை அகன்ற வாய் உள்ளதாக இருக்க வேண்டும். ஃபார்மலினில் சதை விறைத்துவிடும்; குறுகிய வாய்ப் பாட்டிலில் உள்ளே போனது வெளியே வராது, இழுத்து எடுக்கும்போது ஓரம் சிதையும். 10 சதவீத ஃபார்மலின், கட்டியைப் போலக் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ கூடாது. உப்புத் தண்ணீரில் கிடந்த கட்டி உள்ளுக்குள் அழுகிப்போய், அப்புறம் எந்தச் சாயமும் பிடிக்காது. பெயர்ச் சீட்டை மூடியில் ஒட்டாமல் குடுவையின் உடம்பில் ஒட்ட வேண்டும், மூடி மாறிவிடும். இன்னொன்று, இரண்டு கருத்து வேண்டும் என்று கட்டியை இரண்டாக வெட்டி இரண்டு லேபுக்கு அனுப்புவார்கள். அது தப்பு. ஒவ்வொருவரும் அரைக் கட்டியைப் பார்த்து அரைப் பதில் சொல்வார்கள். ஓரம் எது, வெட்டிய இடம் எது என்று இருவருக்கும் தெரியாது. முழுசாக ஒரு இடத்துக்கு அனுப்பி, பிறகு பிளாக்கை அடுத்த இடத்துக்குக் கொண்டு போவதுதான் முறை.

நார்க்கட்டிக் குடும்பத்தில் இன்னும் பலர் உண்டு. பெரும்பாலும் இடத்தையும் வயதையும் வைத்தே அடையாளம் சொல்லலாம். பிறந்து இரண்டு மூன்று வாரக் குழந்தையின் கழுத்தில் பக்கவாட்டுத் தசைக்குள் உருண்டை வந்து தலை சாய்ந்தால் ஃபைப்ரோமடோசிஸ் கோலை. அல்ட்ராசவுண்டும் கழுத்துப் பயிற்சியும் போதும், கத்தி வேண்டாம். விரல் தசைநாரோடு ஒட்டிய கெட்டி உருண்டை, டெண்டன் ஷீத் ஃபைப்ரோமா. சிறுவர்களின் உள்ளங்கையில், எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளியோடு வருவது கால்சிஃபையிங் அபோநியூரோட்டிக் ஃபைப்ரோமா. தீங்கில்லை, ஆனால் எடுத்தால் பாதிப் பேருக்கு அங்கேயே திரும்பும் என்பதால் விரல் நரம்பைப் பலி கொடுத்து வெட்டக் கூடாது. சர்க்கரை உள்ள ஆண்களின் பிடரியில் தடித்துக் கெட்டியாக வருவது நியூக்கல் ஃபைப்ரோமா. நடுவயது ஆண்களின் மேற்கையில் வலியில்லாத கெட்டி உருண்டையாக, எம்ஆர்ஐயின் எல்லா வரிசையிலும் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் டெஸ்மோபிளாஸ்டிக் ஃபைப்ரோபிளாஸ்டோமா, எடுத்தால் முடிந்தது.

குடும்பத்தில் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கும் தம்பிக்கும் இருப்பது, நான் நினைப்பது சரியாக இருந்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு. நோடுலர் ஃபேசியைட்டிஸ் பரம்பரையாக வருவதில்லை. எலாஸ்டோஃபைப்ரோமாவில் ஜப்பானின் ஒகினாவாத் தீவில் 1982இல் 170 பேரைப் பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு உறவினரிடமும் இருந்தது. அதனால் உங்களுக்கு ஐம்பது தாண்டிய பிறகு இதே இடத்தில் ஒரு தடிப்பு தெரிந்தால் மருத்துவரிடம் அம்மாவின் கதையைச் சொல்லுங்கள், போதும். உண்மையிலேயே குடும்பத்தைக் கேட்க வேண்டிய நார்க்கட்டி வேறு: சிறுவயதில் முதுகிலோ தலையிலோ வரும் கார்ட்னர் ஃபைப்ரோமா. அதோடு தாடை எலும்பில் முண்டு, கூடுதல் பல், வீட்டில் யாருக்காவது பெருங்குடலில் நிறைய பாலிப் என்று இருந்தால் அந்தக் குடும்பம் முழுவதும் குடல் பரிசோதனைக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் இல்லை.

அம்மாவுக்குப் படம் திரும்பப் பார்த்து எலாஸ்டோஃபைப்ரோமா என்று சொல்லிவிட்டால், ஆபரேசனா இல்லையா என்பதை வலிதான் முடிவு செய்ய வேண்டும். ‘கடக்’ சத்தம் மட்டும் காரணமாகாது. கை தூக்க முடியாமல், மல்லாந்து படுக்க முடியாமல் இருந்தால் எடுக்கலாம். எடுத்த இடம் வெற்றறையாக இருப்பதால் ரத்தமும் நீரும் கட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். அதற்காகச் சில நாள் டியூப் வைத்து, கையை அதிகம் அசைக்காமல் இருக்கச் சொல்வார்கள். வலியில்லை என்றால் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு அல்ட்ராசவுண்டு எடுத்து, இப்போதைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அதற்குள் வேகமாகப் பெருத்தாலோ, ராத்திரியில் எழுப்பும் வலி வந்தாலோ, தோலோடு ஒட்டிக்கொண்டாலோ ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது.

பால் கறக்கலாம். தோள்பட்டை எலும்பு விலாவில் உராய்வதால்தான் இது வருகிறது என்பது நெடுநாள் கருத்து. ஆனால் பாரமான வேலை எதுவும் செய்யாதவர்களுக்கும் வந்திருக்கிறது. வேலையை நிறுத்தினால் கரைந்துவிடும் என்று நம்பி எருமையை விற்க வேண்டாம். இழுப்பு வலி இருக்கிற நாளில் கட்டுத்தரைக்குத் தம்பியை அனுப்புங்கள், அவர் கைத் தையல் பிரித்து ஆறிய பிறகு.